காஜா மைதீன் கட்டில்

மரவேலை தெரியாதவர்களுக்குத்தான் மரவேலை மேல் தீராத ஆசை வரும். தெரிந்தவனுக்கு அது பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் காலை நீட்டிப் படுத்துவிடுவான். நாங்கள் மூவரும் தெரியாதவர்கள். ஆகவே சனிக்கிழமை வேலை முடிந்ததும் காஜா மைதீன் கடையில் கூடி, மறுநாள் எந்த மரத்தைப் பாழாக்குவது என்று பேச ஆரம்பித்துவிடுவோம்.

கடை, மலாயாவில் புக்கிட் செலம்பாவ் போகும் சாலையில், எங்கள் ரப்பர் தோட்டத்து வாசலில் இருந்தது. என் பெயர் அரியரத்தினம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர். காயத்துக்குக் கட்டுப் போடுவதும் காய்ச்சலுக்குக் கொயினா மருந்து கொடுப்பதும் என் வேலை. கனகரத்தினம் தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிராணி. நாங்கள் இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். காஜா மைதீன் நாகூரிலிருந்து வந்து மளிகைக் கடை வைத்தவன், எங்களைவிட இளையவன்.

கனகரத்தினம் அரிசி மூட்டையில் சாய்ந்துகொண்டு, கோப்பியை ஊதி ஊதிக் குடித்தபடி தொடங்குவார்.

"நாளைக்குச் சாய்மனைக் கதிரையின்ரை கை ரண்டையும் பூட்டிப்போடுவன்."

"போன கிழமையும் இதைத்தானே சொன்னீர்," என்பேன்.

"போன கிழமை பலகை வளைஞ்சு போச்சு. நான் என்ன செய்ய?"

பலகை வளையாமல் என்ன செய்யும்? காற்றில் விழுந்த ரப்பர் மரத்தைச் சும்மா கிடைக்கிறதே என்று அறுத்து வைத்திருந்தார். அதில் பூஞ்சை பிடித்தது, பிறகு புழு பிடித்தது, நாற்காலியில் உட்கார்ந்தால் கீழே மாவு கொட்டியது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம் கிராணி மரம் கோணல் என்பார்.

நான் ரப்பர் அனுப்பும் பெட்டிகளின் பலகையில் ஆஸ்பத்திரிக்கு ஒரு மருந்து அலமாரி செய்துகொண்டிருந்தேன். அதன் கதவு திறந்தால் மூடாது, மூடினால் திறக்காது. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்வதாக இல்லை. யாரும் கேட்கவும் வேண்டாம்.

காஜா மட்டும் நல்ல மெராந்தி மரமாகத் தேடி வாங்கிக் கட்டில் செய்தான். அதுவும் சாதாரணக் கட்டிலா? நான்கு காலிலும் தாமரை மொட்டு, மொட்டுக்குக் கீழே வளையம், எல்லாம் உளியால் கையாலேயே செதுக்க வேண்டுமாம். கலியாணம் முடித்த கையோடு மனைவி சுலைஹாவை நாகூரில் விட்டுவிட்டுக் கப்பல் ஏறியபோது அவளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தான்: "உனக்கு என் கையால ஒரு கட்டில் செய்வேன். அது முடியிற அன்னிக்கு உன்னைக் கூப்புடுவேன்." வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நான்கு வருஷம் ஓடிவிட்டது. இரண்டு கால் தேறியிருந்தது.

இதற்குக் காரணம் கனகரத்தினத்தின் பஞ்சாங்கம் என்பது என் கட்சி. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் குளிகை பிறக்கும். குளிகையில் செய்த காரியம் மறுபடி மறுபடி நடக்கும், அதனால் நல்ல வேலையை அப்போது தொடங்க வேண்டும் என்று அவர் பிடிவாதம். எங்கள் மூவரின் உளியும் அறுக்கும் வாளும் மூன்று மணிக்கு முன்னால் மரத்தில் படக்கூடாது. காஜாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. "பெரியவங்க சொல்றாங்க, இருந்துட்டுப் போகட்டும் லா," என்று அவனும் காத்திருப்பான்.

"ஐசே, தொடங்கிற வேலையைக் குளிகையிலை செய்தால் தொடங்கிறதுதான் திரும்பத் திரும்ப வரும்," என்று நான் எத்தனையோ தரம் சொன்னேன். "முடிக்கிற வேலையையாவது அந்த நேரத்துக்கு வையும்."

"முடிக்கிறதுக்கு முதல் தொடங்க வேணுமே, காணும்," என்பார். இவருக்கு எந்தத் துரை கணக்கு எழுதக் கொடுத்தானோ.

அப்படி இருக்கையில் ஒரு வியாழக்கிழமை, முந்தின கப்பலில் வந்த நாகூர்க்காரர் ஒருவர் கடைக்கு வந்து சேதி சொல்லிவிட்டுப் போனார். சுலைஹா தன் தாய்மாமனோடு அடுத்த கப்பலில் வருகிறாள். சனிக்கிழமை பினாங்கில் இறங்குகிறாள். நான் போனபோது காஜா கல்லாவில் முகத்தைக் கையில் ஏந்தி உட்கார்ந்திருந்தான். கனகரத்தினம் பக்கத்தில் நின்றார்.

"மனுசி வாறதுக்கு இப்பிடியே முகத்தை வச்சிருக்கிறது?" என்றேன்.

"நான் கூப்புடலையேண்ணே. அவளா வர்றா. நான் இங்க ஒரு சயாமியப் பொம்பளையை வச்சிருக்கேன்னு ஊர்ல எவனோ சொல்லிருக்கான். கட்டில் கதையே பொய்யின்னு நெனைக்கிறா. வந்து பாத்துட்டு, பொய்யின்னு தெரிஞ்சா மாமன் திரும்புற கப்பல்லயே போயிடுவேன்னு சொல்லியனுப்பிருக்கா. போனா அப்புறம் வரமாட்டாண்ணே. எனக்கு அவளைத் தெரியும்."

மூன்று பேரும் சேர்ந்து நான்கு வருஷம் விளையாடிய விளையாட்டில் ஒருவன் குடும்பம் போகப் போகிறதே என்று எனக்கு இருந்தது.

சனிக்கிழமை காலை அவன் பினாங்குக்கு ரயில் ஏறினான். ஞாயிறு மாலை அவளோடு திரும்புவான். அதற்குள் மிச்ச இரண்டு காலையும் செதுக்கிவிடுவது என்று நாங்கள் உட்கார்ந்தோம். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். நான் செதுக்கிய தாமரை முட்டைக்கோஸ் ஆனது. கனகரத்தினம் ஓங்கி அடித்த அடியில் மற்றது நெடுக வெடித்தது.

"இனி ஒரு வழிதான் இருக்கு," என்றார் அவர். "சுங்கைப் பட்டாணியிலை சீனன் கடையிலை ஒரு கட்டில் வாங்குவம். காஜா செய்தது எண்டு சொல்லுவம்."

"அது பொய்யல்லோ?"

"கட்டில் இல்லாட்டி அவன் பொய்யன் ஆகிறான். கட்டில் இருந்தால் நாங்கள்தான் பொய்யர். எது நல்லது?"

கணக்குச் சரியாகத்தான் பட்டது. தோட்டத்து வண்டிக்காரன் பக்கிரிசாமியின் மாட்டு வண்டியில் கட்டிலை ஏற்றிவந்து கடைக்குப் பின்னால் இருந்த அறையில் போட்டோம். வழவழவென்று மினுங்கியது. காஜா செதுக்கிய இரண்டு காலையும் விறகுக் குவியலுக்குப் பின்னால் ஒளித்தோம்.

ஞாயிறு மாலை வண்டி வந்து நின்றது. சுலைஹா முந்தானையால் தலையை மூடியிருந்தாள். சின்னப் பெண், கண்ணில் மட்டும் ஒரு பிடிவாதம். வாசலில் நின்ற எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். பிறகு நேரே அறைக்குள் போனாள். மாமன் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போய்விட்டார். நாங்கள் கடையிலேயே நின்றோம். நடுவில் ஒரு சாக்குத் திரைதான்.

அவள் பின்னாலேயே உள்ளே போன காஜா கட்டிலைப் பார்த்துத் திகைத்திருக்க வேண்டும். கனகரத்தினம் வெளியிலிருந்தே குரல் கொடுத்தார்.

"பிள்ளை, நாலு வருசம் ராப்பகலாச் செதுக்கினவன். நாங்கள் கண்ணாலை பாத்தனாங்கள்."

உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது.

"மச்சான், நீங்க சீன எழுத்தெல்லாம் எழுதுவீங்களா?"

தலைமாட்டுச் சட்டத்தின் அடியில் கடைக்காரன் சூடு போட்டு வைத்த முத்திரை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் போனவர்கள் காம்பை வெளியே விட்டிருந்தோம். நான் கனகரத்தினத்தைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

"இது நான் செஞ்சதில்ல," என்றான் காஜா.

"தெரியுது. அடுத்த கப்பல் என்னைக்குன்னு மாமாகிட்ட கேட்டுக்கறேன்."

நான் திரையை விலக்கிக்கொண்டு போய், "தங்கச்சி, பிழை எங்கடை," என்று சொல்லத் தொடங்கினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. காஜாவும் என்னைப் பார்க்கவில்லை. கருவாடு வைக்கும் சின்ன அறையைத் திறந்து, ஒரு கோணிச் சாக்கைத் தரதரவென்று இழுத்து வந்து தரையில் கவிழ்த்தான்.

எல்லாம் கட்டில் கால்கள். கெட்டுப்போனவற்றை அடுப்பில் வைத்திருப்பான் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ஒன்று யானைக் கால்போல் பருத்திருந்தது. ஒன்றுக்குக் கழுத்தே இல்லை. ஒன்றில் தாமரை ஒரு பக்கம் மலர்ந்து மறுபக்கம் சப்பையாகக் கிடந்தது. சாக்கிலிருந்து அவை வந்துகொண்டே இருந்தன.

சுலைஹா தரையில் உட்கார்ந்தாள். ஒன்றைக் கையில் எடுத்தாள்.

"இது?"

"உளி வழுக்கிருச்சு."

"இது?"

"அளவு தப்பிப்போச்சு."

"இது?"

"அது கிராணி அண்ணன் ஒத்தாசை பண்ணாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையை வாயில் வைத்து அழுதாள்.

"இத்தனை கெட்டுப்போச்சே. விட்டுட்டு ஒண்ணு வாங்கிப் போட்டுக் கூப்புட்டிருந்தா நான் வரமாட்டேனா?"

"என் கையாலன்னு உன்கிட்ட சொல்லிட்டேனே புள்ள."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "இந்தச் சீனன் கட்டிலை வண்டியில ஏத்தித் திருப்பி அனுப்புங்க. நான் பாயில படுத்துக்கறேன். நீங்க உங்க கட்டிலையே செய்ங்க. அது முடியிற அன்னிக்கு நான் ஊருக்குப் போறேன்."

காஜாவின் முகம் முதலில் விழுந்தது. பிறகு அவள் சொன்னதன் பொருள் மெல்ல விளங்கியது. கிணற்றடியிலிருந்து வந்த மாமன், இங்கே எல்லாரும் ஏன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள் என்று விழித்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கனகரத்தினத்தின் முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டேன்.

அடுத்த ஞாயிறு நாங்கள் மூவரும் வழக்கம்போல் கடைக்குப் பின்னால் உட்கார்ந்தோம். காஜா மூன்றாவது காலைச் செதுக்கினான். அன்று உளி வழுக்கவில்லை. அளவு தப்பவில்லை. மொட்டு மொட்டாகவே வந்தது, வளையம் வளையமாகவே வந்தது. இழைத்து நிமிர்த்தி மற்ற இரண்டோடு சேர்த்து வைத்தான். மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்போல் நின்றன.

மூன்று பேரும் அதையே பார்த்தோம். நான்கு வருஷம் வராத கைப்பக்குவம் இன்றைக்கென்று வந்து தொலைந்திருந்தது.

காஜா வாளை எடுத்தான். காலைப் படுக்கவைத்து, முழங்காலால் அழுத்திப் பிடித்து, அடியில் ஒரு சாண் அளவுக்கு அறுத்துத் தள்ளினான்.

"என்ன மச்சான் சத்தம்? கால் முடிஞ்சிருச்சா?" என்று உள்ளேயிருந்து சுலைஹா கேட்டாள்.

"இல்ல புள்ள. குட்டையாப் போச்சு."

"அதுக்கென்ன, வேற ஒண்ணு செய்ங்க," என்று சொல்லிக்கொண்டே அவள் எங்களுக்குக் கோப்பி கொண்டுவந்தாள்.