தாழ்வாரத்து வலை

பின்பக்கத் தாழ்வாரத்தைச் சுற்றிக் கொசுவலை அடித்தபோதே, கழற்றி மாட்டுகிற மாதிரி வைக்கலாமே என்று அவள் சொன்னாள். "அதெல்லாம் லொடலொடன்னு ஆடும்" என்று கணவன் சட்டத்தோடு சேர்த்து ஆணி அடித்துவிட்டான். வலை ஆடவில்லை. தூசியும் அசையவில்லை. எதிர் மனையில் எழும்பிய கட்டடத்தின் புழுதியெல்லாம் அதில் அடைந்து, வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே மங்கல்தான்.

அங்கேதான் இன்று சாயங்காலத்திலிருந்து அவள் அப்பாவுக்குப் படுக்கை. நுரையீரலில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர். தூசி ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாமியாருக்கு மூட்டு ஆபரேஷன் ஆனபோது படுக்கையறையைக் கொடுத்துவிட்டு இருவரும் கூடத்தில் படுத்தார்கள். அப்போது யாரும் எதையும் யோசிக்கவில்லை. அப்பா என்றதும் மட்டும், "தாழ்வாரம்தான் காத்தோட்டமா இருக்கும்" என்றான் கணவன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

கழற்ற முடியாத வலைக்கு இரண்டு ஆள் வேண்டும். உள்ளே ஒருவர் காய்ந்த பிரஷ்ஷால் தேய்க்க, வெளியே அதே இடத்தில் இன்னொருவர் வாக்குவம் கிளீனரின் வாயைப் பிடிக்க வேண்டும். தூசி முழுக்க வந்த பிறகுதான் ஈரத்துணி.

"நேரா பிடிங்க. நான் இங்க தேய்க்கிறேன், நீங்க பக்கத்து வீட்டுல பிடிக்கிறீங்க."

"கை கடுக்குதுடி. நல்லா வேலை வாங்குற."

"ஆணி அடிச்ச கைதானே? வலிக்கட்டும்."

இரண்டு பக்கம் முடிந்ததும் அந்த மூலையில் கட்டிலைப் போட்டு வெள்ளை விரிப்பு விரித்தாள். மூன்றாவது பக்கம்தான் பாக்கி. அடுப்பில் கஞ்சி பொங்கும் வாசனை வந்தது. "இதோ வரேன், எதையும் தொடாதீங்க" என்று உள்ளே ஓடினாள்.

திரும்பி வந்தபோது அவன் வெளியே தோட்டத்துக் குழாயைப் பிடித்துக்கொண்டு வலையில் பீய்ச்சிக்கொண்டிருந்தான்.

"பாத்தியா, ரெண்டே நிமிஷம்! இதுக்குப் போய் பிரஷ்ஷு, மெஷினு..."

புழுதி சேறாகி உள்ளே தெறித்திருந்தது. சுவரில், தரையில், விரிப்பில், தலையணையில். வலையில் மிச்சம் இருந்தது பசை மாதிரி அப்பிக்கொண்டிருந்தது.

அவள் கத்தவில்லை. கத்தினால் அழுகை வந்துவிடும்.

"உங்க அம்மா படுக்கற இடமா இருந்தா இப்படிப் பண்ணுவீங்களா?"

"அம்மாவ ஏன்டி இழுக்குற? வேணும்னேவா பண்ணேன்?"

"வேணும்னு பண்ணியிருந்தா சண்டை போட்டுட்டுப் போயிடுவேன். எங்க அப்பாவுக்கு இவ்வளவு போதும்னு உங்களுக்குத் தானா தோணுது பாருங்க, அதுதான் தாங்கல."

குழாயிலிருந்து தண்ணீர் அவன் காலடியில் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் படுக்கையறைக்குள் போய்த் தங்கள் தலையணைகளை எடுத்துக் கூடத்தில் போட்டாள். அலமாரியிலிருந்து வேறு விரிப்பை எடுத்துப் படுக்கையறைக் கட்டிலில் உதறி விரித்தாள்.

சாயங்காலம் அவள் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த அப்பா, படுக்கையறை வாசலில் நின்றுவிட்டார்.

"இது உங்க ரூமாச்சேம்மா. எனக்கு எதுக்கு? வெளிய எங்கயாவது ஒரு ஓரமா..."

"பேசாம உள்ள வாங்கப்பா!"

அவள் போட்ட அதட்டலில் அண்ணன் திடுக்கிட்டான். அப்பா மெல்ல வந்து கட்டிலின் நுனியில் உட்கார்ந்தார்.

"நுனியில இல்ல. நல்லா தள்ளி, சாஞ்சு உட்காருங்க."

கணவன் அவருடைய பையைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தான்.