வெறும் சூப்

சுவர்கள் வியர்த்துக்கொண்டிருந்தன. குளிர் விலகும் நாட்களில் தென்சீனத்து ஃபோஷானில் எல்லா வீடும் இப்படித்தான். தரை, கண்ணாடி, மாட்டியிருக்கும் கல்யாணப் படம் எல்லாம் நீர் கோத்து நிற்கும். கணவர் பாக்ச்சுனின் தலையணை உறையை உருவியபோது அதுவும் ஈரமாக இருந்தது; பருவத்தின் ஈரம் என்றுதான் சௌயிங் முதலில் நினைத்தாள். ஜன்னலருகே தூக்கிப் பிடித்தபோதுதான் நிறம் தெரிந்தது.

சில நாள் முன்புதான் பாக்ச்சுனின் கீழ்த்தாடையில் புதைந்து கிடந்த கடைவாய்ப் பல்லை, ஈறைக் கீறி எலும்பைக் குடைந்து எடுத்திருந்தார்கள். அவர் நெஞ்சுக்குள் ஒரு செயற்கை வால்வு இருந்தது. அதற்காக, இரத்தம் உறையாமலிருக்க ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்குகிறவர். பல் டாக்டர் எல்லாம் கேட்டு, இரத்தம் சோதித்து, தையலும் போட்டுத்தான் அனுப்பினார்.

"எங்களைக் கேக்காம வேற மருந்து எதுவும் குடுத்துடாதீங்க," என்றாள் நர்ஸ்.

"மருந்தா? நான் ஏன் குடுக்கப்போறேன். சூப் மட்டும் வெச்சுக் குடுப்பேன்."

"சூப் தாராளமாக் குடுங்க. ஆறவெச்சுக் குடுங்க."

இருவரும் சிரித்தார்கள். சூப் இல்லாத வீடு அந்த ஊரில் ஏது?

மறுநாள் அவர் கன்னம் ஆவியில் வெந்த பன் போல உப்பியது. கீழ்வீட்டில் இருக்கும் அவருடைய தங்கை மேய்ஃபொங் ஏறிவந்து பார்த்தாள்.

"பரவாயில்லையே அண்ணி. இத்தனை வருஷத்துல எங்கண்ணனுக்கு ஒரு பக்கமாவது சதை பிடிக்கவெச்சுட்ட."

சௌயிங் மாடியிறங்கிச் சந்தைக்குப் போனாள். அவள் ஓடு தயாரிக்கும் ஆலையில் பாதி ஆயுளைக் கழித்தவள். அங்கே ஓட்டுக்கட்டு கால்மேல் விழுந்து வீங்கினால் பெண்கள் ஒரு சூப் வைப்பார்கள். சிவந்த வேர்த்துண்டுகள், டாங்குய் வேர், செம்பூ இதழ் ஒரு பிடி, மெல்லிய பன்றியிறைச்சி. அடிபட்ட இடத்தில் தேங்கிய இரத்தம்தான் வீக்கம். அதை ஓடவைத்தால் போதும். அவளுடைய இடது பாதமே அப்படித் தேறியதுதான்.

"கசக்குது," என்றார் பாக்ச்சுன், வாயைத் திறக்க முடியாமல்.

"கசந்தாத்தான் கேக்கும். முழுங்கு கிழவா."

வீக்கம் வடிந்தது. மேய்ஃபொங்கே கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனாள். அன்று சௌயிங் பானையைத் தேய்த்துக்கொண்டே பழைய பாட்டொன்றை முணுமுணுத்தாள். பிறகு எச்சில் இளஞ்சிவப்பானது. கெட்ட இரத்தம் வெளியே வருகிறது, வரட்டும் என்று நினைத்தாள். முழுதாக வந்துவிடட்டும் என்று வேரை இன்னொரு பிடி கூட்டினாள். சக்கையைக் கொண்டுபோய் வாசல் சந்தில் கொட்டினாள். போகிறவர் வருகிறவர் கால்பட்டு நோய் தூரமாகப் போய்விடும் என்று எல்லோரும் செய்வதுதான்.

இப்போது தலையணை உறை அவள் கையில் கனத்தது.

மாவட்ட மருத்துவமனையின் அவசரப் பிரிவில் அவரைச் சாய்த்து உட்காரவைத்தார்கள். பல் இருந்த குழியில் ஈரல் துண்டு போல ஒன்று தொங்கியது. அதை எடுக்க எடுக்க அடியிலிருந்து புதிதாக ஊறியது. பஞ்சை அழுத்திக் கடிக்கச் சொன்ன இளம் பெண் டாக்டர், இரத்தச் சோதனைத் தாளை மறுபடி பார்த்தாள்.

"இவ்வளவு நீர்த்துப்போக வாய்ப்பே இல்லையே. மாத்திரையைக் கூடுதலாப் போட்டுட்டாரா? இல்ல, மூலிகை, கஷாயம் ஏதாவது?"

"எங்கண்ணிக்கு அதெல்லாம் எங்க தெரியும்?" என்றாள் மேய்ஃபொங். "வெறும் சூப்தான் வெச்சுக் குடுத்தா. அதுலயும் உப்பு போட்டாளோ என்னவோ."

சூப்தான். சௌயிங்கும் அதைத்தான் சொல்லப் போனாள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது அந்தச் சந்து அவள் கண்முன் வந்தது. ஈரத் தரையில் சிவப்பாய்க் கரைந்து பரவிக் கிடந்த சக்கை, அதன்மேல் பதிந்த செருப்புத் தடங்கள். சூப்புச் சக்கையை யாரும் தெருவில் கொட்டுவதில்லை. அதைக் குப்பைக் கூடையில்தான் போடுவார்கள். தெருவுக்குப் போவது மருந்தின் சக்கை. அவளுக்குத் தெரியாதது அவள் கைகளுக்குத் தெரிந்திருந்தது.

மடியில் துணிப்பை. பைக்குள், புறப்படும் அவசரத்திலும் மறக்காமல் எடுத்துவந்த பிளாஸ்க். இன்னும் சூடு ஆறவில்லை.

போர்வைக்கு அடியிலிருந்து பாக்ச்சுனின் கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. அவர் எல்லாவற்றையும் புரிந்துகொண்டிருந்தார். பஞ்சு அடைத்த வாயோடு மெல்லத் தலையசைத்தார். சொல்லாதே. கண்கள் தங்கையின் பக்கம் ஒருமுறை போய்த் திரும்பின. இனி இவர் பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் அந்த வீட்டில் ஒவ்வொரு விருந்திலும் இதுதான் பேச்சாக இருக்கும். கண்டதைக் காய்ச்சி அண்ணனைக் குடிக்கவைத்தவள். அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அவர் உதட்டோரம் ஒரு சிவப்புக் கோடு இறங்கி மோவாயில் நின்றது.

அவள் அந்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். கட்டைவிரல்தான் கடைசிவரை விடவில்லை.

"டாக்டரம்மா, அது சூப் இல்ல," என்றாள். "மருந்து."

மேய்ஃபொங் திரும்பிப் பார்த்தாள். சௌயிங் பிளாஸ்க்கின் மூடியைத் திருகினாள். வேரும் இறைச்சியும் கலந்த கசப்பு வாசனையோடு ஆவி எழுந்து, குனிந்த டாக்டரின் கண்ணாடியை வெள்ளையாக மூடியது. டாக்டர் அதைக் கழற்றித் துடைக்காமல், யாரையோ உரக்கக் கூப்பிட்டபடி ஓடினாள்.

பாக்ச்சுன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தச் சுவரும் வியர்த்திருந்தது. மேலிருந்து ஒரு துளி கிளம்பி, வழியில் இருந்த துளிகளையெல்லாம் சேர்த்துக்கொண்டு, நிற்காமல் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.