சீட்டில் இல்லாத ஒன்பது லிட்டர்

இருபத்து நாலு ஜின் பாட்டில்களின் மூடிகளையும் திருகி முடிப்பதற்குள் மணிக்கட்டு விட்டுப்போகும். அதனால் பன்னிரண்டை வலது கையாலும் பன்னிரண்டை இடது கையாலும் திறப்பது என்று டிரம் அக்கா பழக்கம் பண்ணி வைத்திருந்தாள். திறந்த மூடிகள் எல்லாம் ஒரு கிண்ணத்தில் கிடக்கும். ஒரு பாட்டிலை டிரம்மில் கவிழ்த்து, கடைசிச் சொட்டு வரை வடிய விட்டு, ஒரு மூடியை எடுத்து அடுத்த கிண்ணத்தில் போடுவாள். முதல் கிண்ணம் காலியானால் ஜின் சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். நடுவில் யார் வந்து என்ன பேசினாலும் எண்ணிக்கை தவறாது.

விருந்துக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை அது. ஒரு பக்கம் குளிர் அறையின் கனத்த கதவு, இன்னொரு பக்கம் பாத்திரம் கழுவும் தொட்டி. மேலே நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கூரை வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. மூலையில் நெட்டை, இரும்பு அழுத்தியில் எலுமிச்சையை வைத்துப் பிழிந்துகொண்டிருந்தாள். ஆள் அறைக்குள் நிமிர்ந்தால் டியூப் லைட்டில் தலை முட்டும் என்பதால் அந்தப் பேர். விரல் நுனிகள் எல்லாம் சாறு பட்டு வெள்ளையாய் ஊறிப்போயிருந்தன.

"ஏன்க்கா, இன்னிக்கு எத்தனை பேரு?"

"முந்நூறு. நாலு மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்துல கிளாஸத் தூக்கணுமாம். யாரோ பெரிய அதிகாரி ரிட்டயர் ஆவுறாரு."

"வேலைய விட்டுப் போறதுக்கே இவ்வளவுன்னா, வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு என்ன குடிச்சாரோ!"

"அன்னிக்குப் பயத்துல வெறும் டீதான் குடிச்சிருப்பாரு. பேச்சு சுவாரஸ்யத்துல ரொம்ப அழுத்தாத, தோலோட கசப்பு இறங்கிரும்."

"என் வாயிலயே இருக்கிற கசப்புக்கு இது ஒண்ணும் பெருசில்ல."

சுவரில் சூப்பர்வைசர் ஒட்டிய சீட்டு தொங்கியது. ஒரு கிளாஸுக்கு அறுபது மில்லி ஜின், முப்பது எலுமிச்சைச் சாறு, இருபது சர்க்கரைப் பாகு, கசப்புச் சாறு இரண்டு சொட்டு. இதை எழுதிக் கொடுத்த பார் மாஸ்டர் ஒரே ஒரு நாள் வந்தார், ஒரு கிளாஸ் கலந்து காட்டினார், போய்விட்டார். ஒன்றை முந்நூறாக்குவது கீழே இருப்பவர்கள் பாடு. சூப்பர்வைசர் போனில் எல்லாவற்றையும் முந்நூறால் பெருக்கி எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

பெருக்கினால் மட்டும் போதாது என்பது டிரம் அக்காவுக்கு முதல் மாதமே புரிந்துவிட்டது. கசப்புச் சாறு அறுநூறு சொட்டு போட்டால் வாயில் வைக்க முடியாது. அவள் பாதிக்குக் கொஞ்சம் மேலே போட்டு நிறுத்தி, கரண்டி நுனியை நாக்கில் தொட்டுப் பார்த்து, தொட்டியில் துப்பிவிடுவாள். எட்டு மாதத்தில் ஒரு வாய் விழுங்கியதில்லை. எலுமிச்சைச் சாற்றை முதலிலேயே ஊற்றினால் சாயங்காலத்துக்குள் செத்துப்போகும், அதனால் அதைக் கடைசியில்தான் சேர்ப்பாள்.

தண்ணீர் விஷயம்தான் பெரியது. பார் மாஸ்டர் கலந்தபோது குவளையில் ஐஸ் போட்டுக் கை மரத்துப்போகிற வரை குலுக்கினார். டிரம்மில் ஐஸும் கிடையாது, குலுக்கலும் கிடையாது. கலந்ததைக் குளிர் அறையில் வைத்து, நேரம் வந்ததும் குழாயைத் திறந்து கிளாஸில் பிடித்துக் கொடுப்பதுதான். முதல் விருந்துக்குச் சீட்டில் இருந்தபடியே செய்தாள். மேலே யார் பாராட்டினார்கள், யார் திட்டினார்கள் என்பது அடித்தளத்துக்கு வந்து சேராது. கிளாஸ்கள் மட்டும் கழுவ வரும். அன்று முக்கால்வாசி கிளாஸ்கள் பாதி குடித்தபடியே திரும்பி வந்தன. ஒருவர் படியில் மயங்கி விழுந்தார் என்றும் கேள்வி.

மறுநாள் அவள் ஒரே ஒரு கிளாஸுக்கு உள்ளதைக் கலந்து, ஐஸ் போட்டுக் குலுக்கி, வடிகட்டி அளந்தாள். நூற்றுப் பத்து உள்ளே போயிற்று, நூற்று நாற்பது வெளியே வந்தது. ஐஸ் உருகி முப்பது மில்லி தண்ணீர் சேர்ந்திருந்தது. அந்தத் தண்ணீரோடு சேர்ந்துதான் அந்த ருசி. முந்நூறு பேருக்கு ஒன்பது லிட்டர்.

சூப்பர்வைசரிடம் சொன்னாள். அவரும் குடித்துப் பார்த்துத் தலையாட்டினார். "போட்டுக்கக்கா. ஆனா சீட்டுல எழுத வேணாம். விருந்துக்காரங்க யாராவது கீழ வந்து பாத்தா, ஜின்னுல தண்ணி கலக்குறானுங்கன்னு ஊரெல்லாம் சொல்லிருவாங்க." அதன் பிறகு திரும்பி வந்த கிளாஸ்கள் எல்லாம் காலியாகத்தான் வந்தன.

பதினோரு மணிக்குச் சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு டிரம் அக்கா பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். நிரந்தர வேலைக்கும் அதோடு கிடைக்கும் வைத்திய அட்டைக்குமான படிவம். இன்று படிவம் ஆபீஸில் போய்ச் சேர்ந்தால் மாதம் பிறக்கும்போது அட்டை கைக்கு வரும். அவள் புருஷன் பெயிண்டர், சாரத்திலிருந்து விழுந்தவன். தொடையில் வைத்த கம்பி கழன்றுபோய், படுக்க முடியாமல் நாலு மாதமாக நாற்காலியில் உட்கார்ந்தே தூங்குகிறான். அட்டையோடு வந்தால் மறுநாளே அறுத்துக் கம்பியை மாற்றுகிறோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

சூப்பர்வைசர் படிவத்தைப் பிரித்துப் பார்த்தார். அவள் போட்டோவையும் புருஷன் போட்டோவையும் ஒட்டிய பசை இன்னும் காயவில்லை.

"மாமா என்னக்கா இப்படி மொறச்சிக்கிட்டு இருக்காரு?"

"சிரிக்கச் சொன்னேன். அட்டை கைக்கு வரட்டும், அப்புறம் சிரிக்கிறேன்னுட்டாரு."

"சாயங்காலம் நானே ஆபீஸ்ல குடுத்துர்றேன். எட்டு மாசமா ஒரு குத்தம் உண்டா உங்க மேல? தேதி மட்டும் மறக்காம அவர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க." படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஜின் போயிற்று, பாகு போயிற்று. காய்ச்சி ஆறவைத்துக் குளிர் அறையில் இருந்த தண்ணீரை மூன்று லிட்டர் ஜாடியில் கொண்டுவந்து அவள் ஊற்றத் தொடங்கினாள். மூன்றாவது ஜாடியைச் சாய்க்கும்போது பின்னால் போன் கேமராவின் சத்தம் கேட்டது.

புது ஸ்டோர் அதிகாரி நின்றிருந்தார். போன மாதம் பாட்டில்கள் குறைந்தன என்று தலைமை ஆபீஸ் அனுப்பி வைத்த ஆள். வந்து பத்து நாள்தான் ஆகிறது.

"என்னம்மா ஊத்துற?"

"தண்ணிங்க சார்."

"எதுல?"

"டிரம்முல."

அவர் குனிந்து சீட்டைப் படித்தார். மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை. "இதுல தண்ணின்னு ஒரு வார்த்தைகூடக் காணோமே?"

"ஐஸுக்குப் பதிலு சார் இது, எட்டு மாசமா ஊத்துறேன். ஒரு கிளாஸ் கலக்கும்போது ஐஸ் உருகித் தண்ணி சேருமில்ல, அது முந்நூறு பேருக்கு ஒன்பது லிட்டர்..."

"ஒன்பது லிட்டர் தண்ணி போட்டா ஒன்பது லிட்டர் சரக்கு எங்க போச்சு?"

"எங்கயும் போகல சார். இருபத்து நாலு பாட்டிலும் அங்கதான் இருக்கு, எண்ணிக்குங்க. மூடியும் இருக்கு."

"பாட்டில் காலியாயிருக்குன்னு தெரியுது. எதுல காலியாச்சுன்னு பாட்டில் சொல்லுமா?"

நெட்டை அழுத்தியை விட்டுவிட்டு எழுந்தாள். தலையில் லைட் இடித்தது. "சார், காலைலேர்ந்து நானும் இங்கதான் இருக்கேன். அக்கா ஒரு சொட்டு வெளிய எடுக்கல."

"உன்னக் கேக்கல. நீ பழத்தப் பாரு."

டிரம் அக்கா ஒரு அளவுக் குவளையை எடுத்தாள். ஸ்டோரிலிருந்து ஒரு பாட்டிலைக் கேட்டு வாங்கி, அவர் கண் முன்னாலேயே அறுபது, முப்பது, இருபது என்று ஊற்றிக் காட்டினாள். நூற்றுப் பத்துக் கோட்டில் அவர் விரலை வைக்கச் சொன்னாள். அவரும் வைத்தார். மூடிய குவளையில் ஐஸோடு போட்டுக் குலுக்கினாள். எலுமிச்சை பட்ட விரல் வெடிப்புகளில் குளிர் ஏறியது. வடிகட்டித் திரும்ப அதே குவளையில் ஊற்றியதும் கலவை கோட்டைத் தாண்டி நூற்று நாற்பதில் போய் நின்றது.

அவர் குனிந்து கோட்டை இன்னொரு தடவை பார்த்தார். அதற்குள் சத்தம் கேட்டுச் சூப்பர்வைசர் கதவருகே வந்துவிட்டிருந்தார்.

"இந்தம்மா சொல்றது நெஜமா?" என்று அவரைக் கேட்டார் அதிகாரி. "எட்டு மாசமா ஊத்துதாமே. உங்களுக்குத் தெரியுமா?"

சூப்பர்வைசர் சுவரைப் பார்த்தார். சீட்டின் அடியில் அவர் கையெழுத்து இருந்தது. அந்த எட்டு மாதச் சீட்டுகளும் கையெழுத்தோடு ஆபீஸ் அலமாரியில் இருந்தன, எதிலும் தண்ணீர் கிடையாது.

"ஷீட்டுல இருக்கிறதத்தான் சார் நான் சொல்லிக் குடுத்தேன்."

"நீங்கதான சார் எழுத வேணாம்னீங்க?" என்றாள் டிரம் அக்கா.

"நான் எப்ப சொன்னேன்?" அவர் குரல் சின்னதாக வந்தது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், படிவத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

அதிகாரி மூச்சை இழுத்து விட்டார். அவர் முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. "இங்க பாரும்மா, நீ குலுக்கிக் காட்டினது சரியாவே இருக்கலாம். ஆனா போட்டோ அப்பவே மேல போயிருச்சு. ஜின்னுல தண்ணி ஊத்துறதா எழுதி அனுப்பிட்டேன். இப்ப இல்லன்னு எழுதணும்னா எனக்கு ஒரு பேப்பர் வேணும். பேப்பர்ல நீ சொல்ற தண்ணி எங்க இருக்கு?"

"பேப்பர்ல இல்ல சார். கிளாஸ்ல இருக்கு."

"கிளாஸ அனுப்ப முடியாது."

அவளை ஏப்ரனைக் கழற்றச் சொன்னார்கள். டிரம்மை என்ன செய்வது என்று ஒரு நிமிஷம் பேச்சு நடந்தது. கொட்டிவிட்டுத் திரும்பக் கலக்க ஸ்டோரில் அத்தனை ஜின் இல்லை, நேரமும் இல்லை. "இருக்கிறது இருக்கட்டும், மேல அனுப்புங்க" என்றார் அதிகாரி. போகும்போது டிரம் அக்கா நெட்டையிடம், "சாற கடைசியா ஊத்து. மூணு மணிக்கு மேல" என்று மட்டும் சொன்னாள். நெட்டை மூக்கை உறிஞ்சிக்கொண்டே தலையாட்டினாள்.

கேட்டுக்குப் பக்கத்தில் வாட்ச்மேன் அறை. வெளியே அனுப்பும் சீட்டில் ஆபீஸ் கையெழுத்து ஆகி வருகிற வரை அவள் அங்கேயே உட்கார வேண்டும் என்றார்கள். வாட்ச்மேன் அவள் பையைக் கவிழ்த்தார். சோற்று டப்பா, சீப்பு, மாத்திரைச் சீட்டு, ஆஸ்பத்திரிக் காகிதம். டப்பாவைத் திறந்து மோந்துகூடப் பார்த்தார்.

"தப்பா நெனைக்காதம்மா. பாக்கச் சொல்லிட்டாங்க."

"சோத்துல ஜின் ஊத்திச் சாப்பிடுற அளவுக்கு வசதி இருந்தா நான் ஏன்ணே இங்க வர்றேன்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே தன் ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினார்.

நாலு மணிக்கு மாடியில் கைதட்டல் கேட்டது. யாரோ மைக்கில் முப்பத்து மூன்று வருஷச் சேவை என்று சொன்னார்கள். பிறகு இன்னொரு கைதட்டல். நாலரைக்குக் கழுவும் அறைக்குக் கிளாஸ் பெட்டிகள் போக ஆரம்பித்தன. லிப்டிலிருந்து வாட்ச்மேன் அறையைத் தாண்டித்தான் அந்த வழி. டிரம் அக்கா ஸ்டூலை விட்டு எழாமல் ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தாள். முதல் பெட்டியில் எல்லாம் காலி. இரண்டாவதில் ஒரே ஒரு கிளாஸில் விரல் அகலம் மிச்சம் இருந்தது, அதன் விளிம்பில் உதட்டுச் சாயம். மூன்றாவதிலிருந்து எட்டாவது வரை அடியில் ஈரம் தவிர எதுவும் இல்லை. பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனவன் வாட்ச்மேனிடம், "இன்னொரு டிரம் இருக்கான்னு கேட்டு உயிர எடுக்குறாங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டே போனான்.

ஐந்து மணிக்கு வெளிச்சீட்டு வந்தது. காரணம் என்ற கட்டத்தில் ஏற்கெனவே எழுதியிருந்தார்கள். அவள் அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு கட்டத்துக்கு வெளியே போகாமல், மெதுவாகத் தன் பேரை எழுதிக் கொடுத்தாள்.

பையை எடுத்துத் தோளில் மாட்டும்போது சூப்பர்வைசர் வந்தார். வாட்ச்மேனுக்கு முதுகைக் காட்டியபடி நின்றுகொண்டார்.

"நாலு நாள் போகட்டும்க்கா. சூடு தணியட்டும். நான் பேசிப் பாக்குறேன்."

"ஃபார்ம் குடுத்துட்டீங்களா?"

"இந்த நேரத்துல எப்படிக் கொண்டுபோய் நீட்டுறது? நீங்களே சொல்லுங்க." அவர் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "நாளைக்கு ஐந்நூறு பேரு. இதே சரக்குதான் வேணுமாம், இன்னிக்கு வந்தவங்க ஒருத்தரோட விருந்து. புது சீட்டு நான்தான் எழுதணும். இனிமே எல்லாம் எழுத்துல இருக்கணும்னு ஸ்டோர் அதிகாரி சொல்லிட்டாரு. ஐந்நூறுக்கு எவ்வளவு வரும்?"

"பதினஞ்சு" என்று அவள் வாய் சொல்லிவிட்டது. எட்டு மாதப் பழக்கம், கேட்டதும் வந்துவிடும்.

"குழாய்த் தண்ணியா?"

"காய்ச்சி ஆறவச்சது. ராத்திரியே ஐஸ் ரூம்ல வச்சிரணும்."

அவர் பேனாவை எடுத்தார். எழுத எதுவும் கையில் இல்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து, வெளிப்பக்கத்தைச் சுவரில் வைத்து எழுதப் பார்த்தார். உள்ளே போட்டோ ஒட்டியிருந்த இடம் புடைத்துக்கொண்டு பேனா நழுவியது. கொஞ்சம் தள்ளி வைத்துப் பெரிதாக எழுதினார், மறந்துவிடாமல் இருக்க அடியில் ஒரு கோடும் போட்டார்.

"வரேன்க்கா. பாத்துப் போங்க."

காகிதத்தைத் திரும்பச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு லிப்டுப் பக்கம் நடந்தார். லிப்டுக்குள் ஏறித் திரும்பி நின்றபோது, சட்டைப் பையின் மெல்லிய வெள்ளைத் துணிக்கு உள்ளேயிருந்து அந்தப் பதினைந்து மங்கலாகத் தெரிந்தது. கதவு சாத்திக்கொண்டது.