லில்லி கடந்துபோன காலை

அந்தக் காலையை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. கப்பலின் உடல் கரும்பச்சை என்று நான் சொல்வேன். துருவேறிய சிவப்பு என்று ஜெனித் அடித்துச் சொல்கிறான். வயர்லெசில் குரல் வந்த பிறகுதான் தங்கபாய் அக்கா எழுந்து நின்றார் என்பது என் நினைவு. அதற்கு முன்பே நின்றுகொண்டிருந்தார் என்கிறார் கபிரியேல். ஒரே வள்ளத்தில் இருந்து, ஒரே திசையைப் பார்த்தவர்கள் நாங்கள். அக்காவிடம் கேட்டால் தெரிந்துவிடும். இதுவரை யாரும் கேட்கவில்லை.

எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு 'கப்பல் பாக்கலாம் வாங்க' என்று பெயர். மார்த்தாண்டத்தில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் ஜெனித் தொடங்கியது. கொழும்பிலிருந்து மேற்கே போகும் கப்பல்கள் எல்லாம் எங்கள் கரைக்குத் தெற்கேதான் கடந்துபோகின்றன. கரையில் நின்றால் தொடுவானத்தில் வைத்த தீப்பெட்டிபோலத் தெரியும். போனில் ஒரு செயலியைத் திறந்தால் அந்தத் தீப்பெட்டிக்கு என்ன பெயர், எங்கிருந்து வருகிறது, எந்த ஊருக்குப் போகிறது என்று எல்லாம் தெரிந்துவிடும். அதைப் பார்ப்பதும் பேசுவதும்தான் எங்கள் வேலை. ஒரு பயனும் இல்லாத வேலை என்பதால்தானோ என்னவோ எனக்கு அது பிடித்திருந்தது. நான் மார்த்தாண்டத்தில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் இருக்கிறேன். வீட்டில் புத்தகம், குழுவில் மௌனம். எல்லாவற்றையும் வாசித்துவிட்டு எதற்கும் பதில் எழுதாததால் ஜெனித் எனக்கு 'ப்ளூடிக் சார்' என்று பெயர் வைத்திருந்தான்.

"இன்னைக்கு ஒண்ணு போச்சி மக்கா, நம்ம மார்த்தாண்டம் பாலத்தவிட நீளம்" என்று அவன் எழுதுவான்.

தேங்காய்ப்பட்டணத்தில் மீன்பிடிக்கும் கபிரியேலுக்குத் தட்டச்சு பிடிக்காது. குரலாகத்தான் அனுப்புவார். "பாலத்துல நீ வண்டியோட கெடக்கியதுபோல அது கெடக்காதுலே. நேத்து எனக்க வலையக் கிழிச்சிற்று போனதும் உனக்க அந்த அழகிதான். நீ லைக் போட்டுட்டு இரி."

"ப்ளூடிக் சாரு வாசிச்சாச்சி. நீதி கெடச்சிரும், கவலப்படாதியும் ஓய்" என்பான் ஜெனித்.

இந்தச் சிரிப்புக்கு நடுவே தங்கபாய் அக்கா கேட்பது ஒரே கேள்விதான். 'லில்லி எங்க நிக்குது?' ஆஸ்ட்ரா லில்லி என்பது சோளமும் சோயாவும் நிலக்கரியும் ஏற்றிப்போகும் ஒரு சாதாரண சரக்குக் கப்பல். அதற்கு அழகும் இல்லை, அளவும் இல்லை. அக்கா கருங்கல்லில் தையற்கடை வைத்திருந்தார். பள்ளிச் சீருடைகளும் பாடகர்குழு அங்கிகளும் தைப்பவருக்கு அந்தக் கப்பலின்மேல் ஏன் இத்தனை பிரியம் என்று எங்களுக்குப் புரியவில்லை. லில்லி அக்காவுக்குச் சம்பந்தக்காரி என்று ஜெனித் எழுதினான். அக்கா ஒரு சிரிப்புப் பொம்மையைப் பதிலாக அனுப்பினார். அந்தக் கப்பலில் அவருடைய மகள் இருந்தாள். இரண்டு வருடமாகத் தாயும் மகளும் ஒரு வார்த்தை பேசவில்லை. மகள் எந்தக் கடலில் இருக்கிறாள் என்பதை எங்கள் அரட்டையிலிருந்துதான் அந்த அம்மா தெரிந்துகொண்டிருந்தார். எங்களுக்கு அது தெரியாது.

தை மாதம், கடல் குளம்போலக் கிடந்த நாட்களில், விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு ஒரு ராட்சதக் கப்பல் வரப்போகிறது என்று செயலி காட்டியது. நானூறு மீட்டர் நீளம். பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஜெனித் ஒற்றைக்காலில் நின்றான். வள்ளத்தில் கூட்டிப்போகக் கபிரியேல் சம்மதித்தார். குழுவில் நாற்பது பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். சனிக்கிழமை விடியலில் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்கு வந்தது மூன்று பேர். ஜெனித், நான், தூக்குப்பாத்திரத்தில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் எடுத்துக்கொண்டு தங்கபாய் அக்கா. லில்லியும் அன்றைக்கே இந்த வழியாகப் போகிறது என்பதை அவர் மட்டும் கவனித்திருக்கிறார்.

கரையின் தென்னைகள் ஒரு கோடாகி, அந்தக் கோடும் கரைந்த பிறகு, மேலும் வெகுதூரம் போய்க் கபிரியேல் எஞ்சினை அணைத்தார். முதலில் கிழக்கே ஒரு மங்கல். பிறகு அது வளர்ந்தது. வளர்ந்துகொண்டே இருந்தது. கப்பல் என்ற சொல் எனக்கு மறந்துபோயிற்று. ஒரு ஊர் எழுந்து, தன் வீடுகளை அடுக்கடுக்காகத் தோளில் வைத்துக்கொண்டு, யாரையும் எழுப்பாமல் நடந்துபோவதுபோல் இருந்தது. சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக ஆயிரக்கணக்கான பெட்டிகள். மனிதர் ஒருவர்கூடக் கண்ணில் படவில்லை. ஓசையும் இல்லை. கால்களுக்குக் கீழே பலகை மட்டும் மெல்ல அதிர்ந்தது. அது எங்களுக்கும் சூரியனுக்கும் நடுவே வந்தபோது வள்ளத்தின்மேல் நிழல் விழுந்து, உடம்பு சட்டென்று குளிர்ந்தது. ஜெனித்தின் கையில் போன் இருந்தது. படம் எடுக்க அவன் மறந்துவிட்டான். அது கடந்துபோய் வெகுநேரம் கழித்து அதன் அலை வந்து எங்களைத் தூக்கி இறக்கியது.

"நான் நாளும் பாக்கியதாக்கும்" என்றார் கபிரியேல், தணிந்த குரலில். "எண்ணாலும் இது பக்கத்துல வந்தா வாய் தானா அடஞ்சிரும்."

"உமக்க வாயே அடஞ்சிற்றுண்ணா அது பெரிய கப்பல்தான் ஓய்" என்றான் ஜெனித். "செரி, வண்டிய எடும். கடையத் தொறக்கணும்."

"லில்லி வரட்டு" என்றார் தங்கபாய் அக்கா.

"எக்கா, இப்பம் பாத்தது ஆனை. இனி ஆட்டுக்குட்டிய பாக்கணுமா? லில்லியில அப்பிடி ஆரு இருக்கா?"

"எனக்க மவ."

அக்கா கடலைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். "பிரீனா. மூணாவது ஆபீசராக்கும். கப்பல ஓட்டுததுல அவளும் ஒருத்தி."

ஜெனித் அக்கா பக்கம் திரும்பினான். "ரெண்டு வருசமா குரூப்புல கெடக்கிய. ஒரு வார்த்த செல்லல்லியே எக்கா."

"நீங்க நல்லா பேசிச் சிரிச்சிட்டு கெடந்திய. அதுக்க நடுவுல எனக்க சங்கடத்த எதுக்கு கொண்டு இடணும்?" என்றார். பிறகு தானாகவே தொடர்ந்தார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயித்து, சபையில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண அறிவிப்பு ஓலையும் இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஞாயிற்றுக்கு முன்னால் கப்பலிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்தது. அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சபையார் முகத்தில் விழிக்க முடியாமல் அக்கா பல வாரம் கோயிலுக்கே போகவில்லை.

"இனி எனக்கு போன் பண்ணாண்டாம்ணு செல்லிப்போட்டேன். அவ பண்ணல்ல. செல்லுதது ஒண்ணும் கேக்காத பிள்ள, இத மட்டும் கேட்டா."

கபிரியேல் நங்கூரக் கயிற்றைச் சும்மா சுருட்டி, அவிழ்த்து, மறுபடி சுருட்டினார். "நிக்கலாம் அக்கா. எத்தற நேரம் வேணுமெங்கிலும் நிக்கலாம். லேய் ஜெனித்து, பாரு எங்க வருதுண்ணு."

ஜெனித் செயலியைத் திறந்தான். லில்லியின் சின்ன அம்புக்குறி கன்னியாகுமரிக்குக் கிழக்கே நின்றிருந்தது. "இன்னும் முனை தாண்டல்ல. ஒண்ணர மணிக்கூர் ஆவும்" என்றான். அக்கா தூக்குப்பாத்திரத்தைத் திறந்தார். நாங்கள் நான்கு பேரும் வட்டமாக உட்கார்ந்து, நடுவே போனை வைத்து, அந்த அம்புக்குறியைப் பார்த்தபடியே கிழங்கு தின்றோம். அம்பு அசையவில்லை. கப்பல் மெதுவாக வருகிறது என்று நினைத்தோம். கரையிலிருந்து தூரம் போய்விட்டால் செயலிக்குப் புதுத் தகவல் கிடைக்காது, கடைசியாகக் கிடைத்த இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். குழுவில் நாங்கள் பலமுறை பேசிச் சிரித்த சங்கதிதான் இது. அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை. கபிரியேல்கூடத் தலையை நிமிர்த்திக் கடலைப் பார்க்கவில்லை. கப்பல் பார்க்க வந்தவர்கள், கப்பல்பாதையின் நடுவில், எஞ்சினை அணைத்துவிட்டு, போனைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

அப்போது கபிரியேலின் வயர்லெஸ் பேசியது. வலையைக் கிழிக்கும் கப்பல்களைத் திட்டுவதற்காக அவர் வாங்கி வைத்திருந்த கருவி.

"ஃபிஷிங் போட், ஃபிஷிங் போட், திஸ் இஸ் ஆஸ்ட்ரா லில்லி."

ஒரு பெண்ணின் குரல். அவசரமில்லாத, தேய்த்து மடித்த துணிபோன்ற குரல். எங்கள் வள்ளம் தன் பாதையில் நிற்கிறது, விலகிப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னது. மறுபடியும் அதையே, அதே நிதானத்தில்.

நாங்கள் திரும்பினோம். வானத்தில் பாதியைக் காணவில்லை. அந்த இடத்தில் கப்பலின் முகம் இருந்தது. ஆட்டுக்குட்டி என்றானே ஜெனித், அந்த லில்லி. அதன் மூக்குக்குக் கீழே வெள்ளை நுரை இரண்டாகப் பிளந்துகொண்டிருந்தது. இவ்வளவு பெரிய இரும்பை அந்தக் குரல்தான் நடத்தி வருகிறது என்பதை என் மனம் ஏற்க மறுத்தது. பயந்திருக்க வேண்டும். எனக்குப் பயம் வந்ததாக நினைவில்லை. கோயிலில் எல்லோரும் எழுந்து நிற்கும்போது நாமும் எழுவோமே, அப்படி ஒரு எழுச்சி மட்டும் உடம்பில் இருந்தது.

கபிரியேல் ஒரே இழுப்பில் எஞ்சினை உயிர்ப்பித்து வள்ளத்தைத் திருப்பினார். மற்றக் கையால் வயர்லெசின் பேசுகருவியை எடுத்து அக்காவிடம் நீட்டினார். "அமுக்கிட்டு பேசணும். விட்டாத்தான் அவிய பேசுதது நமக்குக் கேக்கும்."

"வேற ஆரும் கேப்பாவளா?"

"இந்தக் கடல்ல உள்ள எல்லா கப்பலும் கேக்கும் அக்கா."

தங்கபாய் அக்கா மீன்கறி பட்ட விரல்களைச் சேலையில் துடைத்தார். நன்றாகத் துடைத்தார். கருவியை வாங்கிப் பொத்தானை அமுக்கினார். அமுக்கியபடியே நின்றார். அவர் ஒன்றும் சொல்லாமலே விட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

"நாங்க மாறித் தாறோம் மக்ளே" என்றார். "நீ நேரே போ."

விரலை எடுத்தார்.

அந்த வயர்லெஸ் எப்போதும் சல்லடையில் மணல் சலிப்பதுபோல இரைந்துகொண்டிருக்கும். மறுமுனையில் ஒருவர் பொத்தானை அமுக்கினால் இரைச்சல் நின்றுவிடும். அவர் பேசாவிட்டாலும் அவர் இருக்கும் அறை நமக்குக் கேட்கும். இரைச்சல் நின்றது. எங்கள் தலைக்கு வெகு உயரத்தில் இருந்த ஓர் அறை வள்ளத்துக்குள் வந்தது. ஏதோ ஒரு கருவியின் சின்னச் சிணுங்கல். காற்றாடி ஓடும் ஓசை. யாரோ ஓர் ஆண் தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான். பேச்சு வரவில்லை. பொத்தானை அமுக்கிய கை அமுக்கியபடியே இருந்தது. நான் வாழ்நாள் முழுக்க மௌனத்தைத் தேடிப்போய் உட்கார்ந்தவன், மூடிய கதவுக்குப் பின்னாலும் திறந்த புத்தகத்துக்கு முன்னாலும். அவை எல்லாம் ஒருவர் இல்லாததால் வந்த மௌனங்கள். இது ஒருத்தி இருப்பதன் ஓசை. கிழக்கிலும் மேற்கிலும் கண்ணுக்குத் தெரியாத எத்தனையோ கப்பல்களில், மொழி தெரியாத எத்தனையோ பேர் அதைக் கேட்டிருப்பார்கள். ஒருவரும் குறுக்கே பேசவில்லை. ஜெனித் ஒரு கிழங்குத் துண்டை வாய்க்கும் பாத்திரத்துக்கும் நடுவே பிடித்தபடி அப்படியே இருந்தான். அக்கா கருவியைக் காதோடு சேர்த்துப் பிடித்திருந்தார், அதில் காது வைக்கத் தேவையே இல்லாதபோதும்.

பிறகு மணல் சலிக்கும் சத்தம் திரும்பி வந்தது.

கப்பல் எங்களைக் கடந்தது. அதன் பக்கச்சுவர் முடிவில்லாமல் போய்க்கொண்டே இருந்தது. பின்பக்கத்து வெள்ளைக் கட்டடத்தின் உச்சியில், வெளியே நீட்டிய மாடத்தில், ஓர் உருவம் வந்து நின்றது. ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத உயரம். ஜெனித் போனை உயர்த்தி, படத்தைப் பெரிதாக்கி, பிறகு என்ன நினைத்தானோ, போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டான். அக்கா கையசைக்கவில்லை. அந்த உருவமும் அசைக்கவில்லை. அது சிறிதாகி, மாடம் சிறிதாகி, வெயிலில் எல்லாம் ஒரே வெண்மையாகும் வரை இருவரும் அப்படியே நின்றார்கள். வள்ளம் ஆடியபோது கபிரியேல் அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

துறைமுகத்தில் இறங்கும்போது அக்கா, "கறியில உப்பு கூடிப்போச்சி, இல்லியா?" என்று கேட்டார். "இல்ல அக்கா" என்றோம், மூன்று பேரும் ஒரே நேரத்தில். அன்றைக்குக் குழுவில் பெரிய கப்பலின் படம் எங்கே என்று நாற்பது பேரும் கேட்டார்கள். எங்களிடம் படம் இல்லை. போய்ப் பார்த்ததே பொய் என்று இரண்டு நாள் கேலி செய்தார்கள்.

இப்போது ஜெனித் கடையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுக் கத்தாரில் இருக்கிறான். கபிரியேல் அதே வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறார், கப்பல்களோடு சண்டையும் குறையவில்லை. எனக்கு நாகர்கோவிலுக்கு மாற்றலாகிவிட்டது. ஆஸ்ட்ரா லில்லியை யாரோ வாங்கி வேறு பெயர் வைத்துவிட்டார்கள், தேடினால் கிடைப்பதில்லை. பிரீனா வேறொரு கப்பலில் இரண்டாவது ஆபீசர் என்று கேள்வி. நான் அவளைப் பார்த்ததே இல்லை. அவள் ஊருக்கு வந்து போனாளா என்றும் தெரியாது. தங்கபாய் அக்கா கருங்கல்லில் தைத்துக்கொண்டிருக்கிறார். எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்று அவர் எங்களிடம் கேட்பதில்லை. நேற்றுக் காலை, வேறு பேச்சு எதுவும் ஓடிக்கொண்டிராத நேரத்தில், குழுவில் அவர் எழுதியிருந்தார்: 'பிரேசில்ல நல்ல மழ. டெக்கெல்லாம் நனஞ்சி கெடக்கு.'