உயிரோடு இருந்ததா?

செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு லேசில் மசியாது. ரெண்டே அடுக்குக் கொழுப்புதான், ஆனால் கண்ட சரக்கையும் உள்ளே விடாது. அப்படிப்பட்ட இடத்தில் தன்னுடைய குட்டிப் பெப்டைட் தானாகவே நுழைந்துவிடுகிறது என்று ஆய்வுக்காரி கண்டிருந்தாள். பன்னிரண்டே அமினோ அமிலம் கோத்த சின்னப் புரதச் சரம் அது. அதன் முதுகில் மருந்தை ஏற்றி அனுப்பினால் எப்படியிருக்கும், யோசித்துப் பாருங்கள்! மூன்று வருஷ உழைப்பு. மாலை நாலு மணிக் கூட்டத்தில் "நுழைகிறது" என்று சொல்லிவிட்டால் நாளைக்கே மருந்தை ஏற்றும் வேலை தொடங்கிவிடும்.

அந்த ஆய்வுக்கூடத்தில் மைக்ரோஸ்கோப்பைக் கவனித்துக்கொள்பவள் அவளுடைய அண்ணன் மனைவி. ரெண்டு வயது சின்னவள், உறவில் பெரியவள். அதனால் வாய்க்குப் பூட்டு கிடையாது.

"பாருங்க அண்ணி, நெறஞ்சு வழியுது!"

படத்தில் செல் முழுக்கப் பச்சை வெளிச்சம். பெப்டைடில் ஒட்டிய சாயம் அது.

அண்ணி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "அழகாத்தான் இருக்கு. படம் எடுக்கறப்ப இதுங்க உயிரோட இருந்துச்சா?"

"ஃபார்மலின்ல ஊறவெச்சுதான் எடுத்தேன். அப்பத்தானே அசையாது?"

"எப்படி அசையும்? செத்துடுச்சே! வீட்டுக்காரன் போனப்புறம் தொறந்து கெடக்கற வீட்டுல நுழைஞ்சவன, விருந்துக்கு வந்தவன்னா சொல்வீங்க நாத்தனாரே?"

அவளுக்குச் சுருக்கென்றது. பிணத்தைப் பதப்படுத்தும் மருந்தாயிற்றே ஃபார்மலின், அது பட்ட சவ்வு ஓட்டையாகிவிடும். வெளியே ஒட்டிக்கிடந்த பெப்டைட் அதற்கப்புறம் கசிந்து உள்ளே போயிருந்தால்?

"கூட்டத்தன்னிக்கா அண்ணி இதைக் கேப்பீங்க?"

"நாலு மணிக்கு மேல ஊரே கேக்கும். நான் கேட்டா வீட்டோட போச்சு."

உயிருள்ள செல்கள் இருந்த தட்டில் பெப்டைடை விட்டு, உடம்புச் சூட்டிலேயே வைத்துப் பார்த்தார்கள். பச்சை, செல்லின் ஓரத்தில் வளையமாக மட்டும் நின்றது. வெளியே ஒட்டியதை நறுக்கிவிடும் நொதியை ஊற்றினாள். வளையமும் போயிற்று. அப்படியானால் உள்ளே எதுவும் போகவேயில்லை!

"இருங்க, உள்ள புள்ளி புள்ளியா என்னமோ தெரியுது" என்றாள் அண்ணி.

சவ்வே உள்பக்கம் குழிந்து, பெப்டைடைச் சின்னச் சின்னப் பைகளில் சுருட்டி விழுங்கியிருந்தது. உள்ளே வந்தும் பைக்குள்ளேயே சிறை! மருந்து அங்கே இருந்து யாருக்கு என்ன லாபம்?

எழுந்து போயிருக்கலாம். ஆனால் அவளுக்குக் கண்ணை எடுக்க மனசு வரவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு செல்லில் ஒரு புள்ளி சட்டென்று உடைந்தது. பச்சை, தண்ணீரில் விட்ட மை மாதிரி செல் முழுக்கப் பரவியது.

ரெண்டு பேருமாகச் சுற்றிலும் எண்ணிப் பார்த்தார்கள். நாற்பது செல்லில் அந்த ஒன்றுதான்.

"இதுக்கு மட்டும் என்ன வந்துச்சாம்?" என்றாள் அவள்.

"அதை அப்புறம் கேக்கலாம். மணி நாலு, ஓடுங்க!"

கூட்டத்தில் பழைய படத்தை அவள் காட்டவில்லை. புதிதாக எடுத்ததைத்தான் காட்டினாள்.

"அப்ப மருந்தை ஏத்தலாமா, கூடாதா?" என்றார் ஆய்வுக்கூடத் தலைவர்.

"இப்ப கூடாது சார். நாப்பதுல ஒண்ணுலதான் பை உடையுது. ஏன்னு எனக்குத் தெரியல. ஆறு மாசம் குடுங்க."

அவர் "மூணு" என்றார்.

திரும்பி வந்தபோது அண்ணி மைக்ரோஸ்கோப்பை விட்டு நிமிரவேயில்லை.

"மூணு மாசம் குடுத்திருக்கார் அண்ணி."

"ஷ்ஷ்! இன்னொண்ணு உடையற மாதிரி இருக்கு."

"தள்ளுங்க, நான் பாக்கறேன்!"


"போங்க, நான்தான் முதல்ல!"