கோலுக்கு மட்டும் ஹாரன்

பந்து பிரோடியின் இரண்டு கைகளுக்கும் நடுவே வந்து, நெஞ்சில் பட்டு, ஒரு முழம் மேலே எழும்பி, கடைசியில் சேற்றில் விழுந்தது. அவனைச் சுற்றி எதிரணி ஆள் ஒருவர்கூட இல்லை. எங்கள் கால்பந்தில் உதைத்து வரும் பந்தை எகிறிக் கையால் பிடிப்பதுதான் பெரிய வித்தை. வேலியோரமாக மைதானத்தைப் பார்த்து மூக்கு நீட்டி நின்ற கார்கள் எதிலிருந்தும் சத்தம் வரவில்லை. எங்கள் மரோங்காவில் கோல் விழுந்தால் எல்லாக் காரும் ஹாரன் அடிக்கும். பக்கத்து வயலில் மேயும் ஆடுகள் வெருண்டு ஓடும். வேறு எதற்காகவும் யாரும் ஹாரனைத் தொடுவது கிடையாது. டெரில் பாஸ்கோ தன் வண்டியின் ஹாரன்மேல் தயாராக வைத்திருந்த உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டவன்போல எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டான்.

பக்கத்துக் காரின் கண்ணாடி இறங்கியது. லோர்னா பெட்டிஃபர் தலையை வெளியே நீட்டினாள்.

"எங்க அக்கா பேத்தி பிடிச்சிருப்பா டெரில். ஒரு கையில பால் புட்டிய வச்சுக்கிட்டே பிடிச்சிருப்பா."

"பந்து ஈரமா இருக்கு."

"ஏப்ரல்ல காஞ்சுதானே கெடந்துச்சு? அப்பயும் விட்டான்."

டெரில் இறைச்சி அடைத்த அப்பத்தைக் கடித்தான். தக்காளிச் சாறு தாடியில் ஒழுகியது. நான் டெரிலின் வண்டியில், இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து தேநீர்க் குடுவையை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டிருந்தேன். வாரம் முழுதும் கோதுமைக் கிடங்கில் தூசி கூட்டி, ரயிலுக்கு மூட்டை ஏற்றி, சனிக்கிழமை வந்தால் இந்த வண்டியில் வந்து உட்காருவேன். இடுப்பு வலி ஆட்டம் நடக்கும் வரைக்கும் தெரியாது. இந்த வருஷம் நன்றாகத் தெரிந்தது. சீசன் தொடங்கி ஜூன் கடைசி வரைக்கும் நாங்கள் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. பேசாமல் பக்கத்து ஊர் தாரவெல் கிளப்போடு சேர்ந்துவிடலாம் என்று கமிட்டியிலேயே ஒன்றிரண்டு பேர் வாயைத் திறந்துவிட்டார்கள். தாரவெல்! அவர்களோடு ஒரே தண்ணீர்த் தொட்டியில் மாடுகூட நாங்கள் கட்டமாட்டோம்.

டெரில் ஒரு காலத்தில் எங்கள் கோல்முனை ஆட்டக்காரன். ஒரே வருஷத்தில் நூறு கோல் உதைத்தவன். கிளப் கட்டடத்தின் சுவரில் அவன் படம் இருக்கிறது, முடியெல்லாம் பறக்க, ஒருவன் முதுகில் முழங்காலை ஊன்றி ஆகாயத்தில் நிற்பான். இப்போது ஆள் தேடிக் கொண்டுவரும் பொறுப்பு அவனுக்கு. அவனுக்கு ஆட்டம் என்றால் ஒன்றே ஒன்றுதான்.

"நீளமா உதை. கோல் முன்னாடி ஒருத்தன் நிக்கணும், ஏறிப் பிடிக்கணும். அவ்ளோதான் ஆட்டம். இந்த வாத்தியார்ப் பய கோச்சு என்ன பண்றான்? பந்த உதைக்காம பக்கத்துல இருக்கவனுக்குக் கையால குத்திக் குத்திக் குடுத்து ரொட்டிக்கு மாவு பெசையிறானுங்க."

"முன்னாடி நிக்கிறவனப் பத்தியே பேசு," என்றாள் லோர்னா. "எங்க வீட்டுக்காரரு பதினோரு வருஷம் பின்னாடி நின்னாரு. வர்ற பந்தையெல்லாம் குத்தித் தள்ளினாரு. அந்த மனுஷனுக்கு ஒரு ஹாரன், ஒரே ஒரு ஹாரன் அடிச்சீங்களாடா?"

"கிளாரி நல்ல ஆளுதான். ஆனா எதுக்கு லோர்னா ஹாரன் அடிக்க? கோல் விழலன்னா யாராவது அடிப்பாங்களா?"

"விழலன்னுதான்யா அடிக்கணும்."

இந்தச் சண்டை கிளாரி உயிரோடு இருந்தபோதே தொடங்கியது. அவர் போனபிறகும் லோர்னா அதே இடத்தில் காரை நிறுத்தி, அவருக்கும் சேர்த்துச் சண்டை போடுகிறாள்.

பிரோடி டில்லக்கைக் கண்டுபிடித்தது நானும் டெரிலும்தான். போன செப்டம்பரில் மாநில எல்லையைத் தாண்டிப் போய் ஒரு ஆட்டம் பார்த்தோம். நல்ல மழை. வண்டியின் துடைப்பான் போய்வரும் இடைவெளியில்தான் மைதானமே தெரிந்தது. முதல் பாதியில் ஒன்றும் இல்லை. ஆட்டத்தின் நாலு பகுதிகளில் மூன்றாவதில் இருபத்தேழாம் எண் போட்ட ஒருவன் கிளம்பினான். ஆட்கள் தோளில் ஏறினான், பந்தைப் பறித்தான், உதைத்தான். டெரில் என் தொடையில் அடித்த அடி மறுநாள் வரை சிவந்திருந்தது. "கெல், இவன்தான்டா" என்றான். வெளியே வரும்போது வாசலில் நின்றவரிடம் இருபத்தேழு யார் என்று கேட்டோம். பிரோடி டில்லக் என்றார். அன்று மாலையே டெரில் அவனுக்குப் போன் போட்டான்.

பிரோடி வந்தான். தேவாலயத்துக்குப் பின்னால் கிளப் வைத்திருக்கும் சின்ன வீட்டை அவனுக்குக் கொடுத்தோம். என்னோடு கிடங்கில் வேலை. அவன் மனைவி ஷே ரொட்டிக் கடையில் வேலைக்கு நின்றாள், வயிற்றில் அடுத்த பிள்ளை. மூத்தது பள்ளிக்கூட ஊஞ்சலில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளோடு சண்டை போடப் பழகிவிட்டது. நல்ல வேலைக்காரன். மூட்டையின் கனமான முனையை எப்போதும் அவனே தூக்குவான். பந்தைத்தான் பிடிக்க மாட்டேன் என்கிறான். ஜூன் முடிந்துவிட்டால் வேறு கிளப்பிலிருந்து ஆள் எடுக்க முடியாது. அதனால் கமிட்டி டெரிலை நெருக்கியது. பிரோடியை அனுப்பிவிட்டு வேறு ஒருவனைக் கொண்டுவா என்றது. வீடு ஒன்றுதான் இருக்கிறது. வருகிறவனுக்கு அதைக் கொடுக்க வேண்டும்.

வியாழக்கிழமை பயிற்சி முடிந்ததும் எல்லோருக்கும் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தேன். பிரோடி வந்து என் பக்கத்தில் நின்று வெங்காயத்தைப் புரட்டினான். புரட்டத் தேவையில்லை. இருந்தும் புரட்டினான்.

"கெல், அன்னிக்கி நீங்க பாத்தது நான் இல்ல."

"என்னிக்கி?"

"மழையில. செப்டம்பர்ல. பாதி ஆட்டம் முடியறதுக்கு முன்னாடியே எனக்குக் கணுக்கால் பெசகிருச்சு. ஐஸ் வாளியில கால விட்டுக்கிட்டு உக்காந்துட்டேன். மிச்சுன்னு எங்க ஆளு ஒருத்தன், அவனுக்கு மூக்கு ஒடஞ்சு ஜெர்சியெல்லாம் ரத்தம். நடுவர் மாத்தச் சொல்லிட்டாரு. என்னோட இருபத்தேழு சும்மாதானே இருந்துச்சு, கழட்டிக் குடுத்தேன்."

அடுப்புத் தட்டில் எண்ணெய் பொரிந்தது. ரத்தம் பட்டால் சட்டை மாற்ற வேண்டும் என்பது மைதானத்தில் பந்து பொறுக்கும் பிள்ளைக்கும் தெரியும். நானும் டெரிலும் அதை யோசிக்கவே இல்லை.

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"டெரில் போன்ல பேசுனப்பவே. ரெண்டு பேரு தோள்மேல ஏறிப் பிடிச்சியேப்பான்னாரு. இல்லீங்கன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள, நீ எங்களுக்கு வேணும்னாரு." அவன் வெங்காயத்தைப் பார்த்தே பேசினான். "நான் பின்காவல் ஆடுறவன், நம்ம கோலக் காக்குறவன். பின்காவல்காரனத் தேடிக்கிட்டு எந்தக் கிளப்பு மாநிலம் தாண்டி வரும்? ஷே பக்கத்துல நின்னுக்கிட்டு யாரு, யாருன்னு கேக்குறா. அவ மொகத்தப் பாத்துட்டு, சரி வர்றேன்னுட்டேன். ஏறிப் பிடிக்கிறதப் பழகிக்கலாம்னு நெனச்சேன். காலைல எந்திரிச்சு கிடங்குச் சுவத்துல பந்த எறிஞ்சு எறிஞ்சு பாத்தேன். வரல கெல்."

கிடங்குச் சுவரில் வட்ட வட்டமாகச் சேறு அப்பியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேலை என்று நினைத்து ஏசிக்கொண்டே கழுவினேன்.

"டெரில்கிட்ட நான் சொல்லிர்றேன்," என்றேன்.

"ஷேவுக்குத் தெரியாது," என்றான். தனக்காகப் பேசச் சொல்லி அவன் கேட்கவில்லை.

சனிக்கிழமை, ஜூன் மாதத்தின் கடைசி நாள், தாரவெல்லோடு ஆட்டம். வண்டியை நிறுத்தி, டெரில் சாவியைத் திருப்பியதும் சொல்லிவிட்டேன். லோர்னாவின் கண்ணாடி ஏற்கெனவே இறங்கித்தான் இருந்தது. டெரில் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"ஏமாத்திட்டான்," என்றான்.

"எவன்?" என்றாள் லோர்னா. "நீ என்னிக்காவது அவன்கிட்ட, தம்பி நீ எங்க ஆடுவேன்னு கேட்டியா? நாப்பது வருஷமா ஆட்டம் பாக்குற, மழையில ஒரு எண்ணப் பாத்துட்டு வந்து ஆளப் பாத்தேன்ங்குற."

டெரில் போனை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான். வேலியோரம் நடந்துகொண்டே பேசினான். திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது, சந்தோஷத்தாலா வேறு எதனாலா தெரியவில்லை.

"மிச்சு வர்றானாம். வீடு இருந்தா வர்றேங்கிறான். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லணுமாம், அவனே கூப்பிடுறேன்னான்." போனை முன்பலகையில் வைத்தான். "நெஜமான இருபத்தேழு, கெல்."

நான் தேநீரை ஊற்றினேன். கிளப் பிழைக்க வேண்டும். அது எனக்கும் தெரியும். தேவாலயத்துக்குப் பின்னால் கொடியில் பிரோடி மகளின் சின்னக் காலுறைகள் தொங்கியதைக் காலையில் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அதுவும் தெரியும்.

ஆட்டம் ஆரம்பித்தது. ரயில் பாதைப் பக்கத்துக் கோல் ஓரம் ஒரு ஜோடி ஆள்காட்டிக் குருவிகள் புல்லிலேயே முட்டையிட்டிருந்தன. சுற்றிலும் ஆரஞ்சுக் கூம்புகள் வைத்திருந்தோம். யார் கிட்டே வந்தாலும் குருவி சிறகை விரித்துக் கத்திக்கொண்டு ஓடிவரும். முதல் பாதி முழுக்க வழக்கம்போலத்தான் போனது. பிரோடி இரண்டு பந்துகளை விட்டான். எங்களைவிட தாரவெல் கார்கள்தான் அதிகம் ஹாரன் அடித்தன.

மூன்றாவது பகுதியில் எங்கள் பின்காவல்காரன் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். யாரை அனுப்புவது என்று கோச் பெஞ்சைப் பார்த்தபடி நின்றபோது, அந்தக் கோடியிலிருந்து பிரோடி தன் நெஞ்சில் கைவைத்துக் காட்டினான். கோச் தலையாட்டினாரா இல்லையா, தெரியவில்லை. பிரோடி ஓடத் தொடங்கிவிட்டான். மைதானத்தின் முழு நீளத்தையும் ஓடிக் கடந்து, தாரவெல்லின் கோல்முனை ஆட்டக்காரன் பக்கத்தில் போய், தோளோடு தோள் ஒட்டி நின்றான். அந்த ஆள் இவனைவிட ஒரு தலை உயரம்.

"எங்கடா போறான் இவன்?" என்றான் டெரில்.

"வீட்டுக்கு," என்றாள் லோர்னா.

பிரோடி பந்தையே பார்க்கவில்லை. பக்கத்தில் நிற்பவனின் இடுப்பைத்தான் பார்த்தான். அந்த இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் ஒரு எட்டு முன்பே இவன் இருந்தான். பந்து மேலே வரும், பெரியவன் கை நீட்டுவான், இரண்டு கைகளுக்கும் நடுவே எங்கிருந்தோ ஒரு முஷ்டி முளைக்கும். பந்து எகிறி வேலிப்பக்கம் போகும். மறுபடி வரும், மறுபடி முஷ்டி. பார்க்க அழகாக ஒன்றும் இல்லை. கிடங்கில் மூட்டை தள்ளுகிற மாதிரிதான் இருந்தது. ஆனால் தாரவெல் கார்கள் மெல்ல மெல்ல அடங்கின. எங்கள் பையன்கள் இந்தப் பக்கம் ஒரு கோல் போட்டார்கள். பிறகு இன்னொன்று. கடைசிப் பகுதியில் நாங்கள் நாலு புள்ளி முன்னால் இருந்தோம். அவர்கள் ஒரு கோல் போட்டால் ஆறு புள்ளி, தோற்றுவிடுவோம்.

டெரில் கையில் இருந்த இறைச்சி அப்பத்தையே மறந்துவிட்டான்.

ஆட்ட நேரம் முடியும் தறுவாயில், காற்றின் போக்கில் உயரமாக ஒரு பந்து வந்தது. மூன்று பேர் கீழே கூடினார்கள். பெரியவன் எங்கள் ஆள் ஒருவனின் முதுகில் முழங்காலை வைத்து ஏறினான், டெரிலின் படத்தில் இருக்கிற மாதிரியே. கைகள் விரிந்தன. பிரோடி பின்னாலிருந்து வந்தான். குதிக்கக்கூட இல்லை, சரிந்து விழுந்துகொண்டே கையை மட்டும் நீட்டினான். முஷ்டி பந்தின் அடியில் பட்டது. பந்து கூம்புகளுக்கு மேலே பறந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது. குருவிகள் கத்திக்கொண்டு எழும்பின. பிரோடி முகம் குப்புறச் சேற்றில் கிடந்தான்.

கார்கள் மௌனமாக இருந்தன. கோல் இல்லையே.

முன்பலகையில் டெரிலின் போன் அதிர்ந்தது. அது அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு நகர்ந்தது. டெரில் கையை நீட்டினான். நீட்டிய கை போனைத் தாண்டிப் போய் ஹாரன்மேல் விழுந்தது. விட்டு விட்டு அல்ல, ஒரே நீள அழுத்து. என் குடுவையிலிருந்து தேநீர் சிந்தியது. வரிசையில் இருந்த எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். கோல் நடுவர் கோல் விழுந்தால் ஆட்டும் தன் கொடிகளைப் பார்த்தார், கம்பங்களைப் பார்த்தார். பக்கத்தில் லோர்னா இரண்டு கைகளாலும் தன் ஹாரனை அழுத்திக்கொண்டு நேராக முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கன்னம் நனைந்திருந்தது. போன் நழுவி என் காலடியில் விழுந்து, அங்கேயும் கொஞ்ச நேரம் அதிர்ந்தது.

பிரோடி முழங்காலை ஊன்றி எழுந்தான். ஹாரனைக் கேட்டதும் யாரோ கோல் போட்டுவிட்டார்கள் என்று அவன் பதறித் தன் பின்னால் இருந்த கம்பங்களைத் திரும்பிப் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை. அடுத்த கோடியைப் பார்த்தான். அங்கேயும் இல்லை. கண்ணில் இருந்த சேற்றைத் தோளால் துடைத்துக்கொண்டு, மெதுவாக, எங்கள் கார்களின் பக்கம் திரும்பினான்.