அக்டோபரில் பார்த்துக்கொள்ளலாம்

வெர்னா டாலிவருக்கு அன்று காலையில் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பின்னே என்ன? இடி மழைக் காலம் வாசலில் வந்து நிற்கிறது. கூரையின் பழைய ஓடுகளைக் கழற்றும்போதே பாதி நொறுங்கிவிட்டதால் எல்லாவற்றையும் இறக்கியாயிற்று. அடியில் மக்கிக் கிடந்த தார்த்தாளை உரித்துப் புதுத் தாளும் விரித்தாயிற்று. ஓடு தாங்கும் ரீப்பர் சட்டம் அடித்துப் புது ஓடு பதிக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு வெண்டல் ஸ்ட்ரூப் அரைக்கால் சட்டையும் தொப்பியுமாகத் தெருவைக் கடந்து வந்து, "வேலையை நிறுத்துங்க" என்றார்.

கூரைமேல் இருந்தவர்கள் சுத்தியலைக் கீழே வைத்தார்கள். வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டுமென்று இருட்டிலேயே விளக்குப் போட்டுக்கொண்டு ஏறியவர்கள் அவர்கள்.

"எதுக்கு நிறுத்தணும்?" என்றாள் வெர்னா.

"புது ஓட்டோட நிறத்தைப் பாரு. தெருவுல எந்த வீட்டோடயும் சேரலை. நம்ம குடியிருப்புச் சங்கத்துக் கமிட்டி பாக்காம போட முடியாது."

"கமிட்டி எங்க இருக்கு?"

"வடக்கே. அக்டோபர்ல வருவாங்க. அப்ப பாத்துக்கலாம்."

கேட்டீர்களா அநியாயத்தை! அரிசோனாவின் இந்த மெஸ்கீட் வெல்ஸ் குடியிருப்பில் பாதிப் பேர் குளிருக்கு மட்டும் வந்து தங்கும் பறவைகள். ஏப்ரல் பிறந்தால் மின்னசோட்டா ஏரிக்கரைக்கு மீன் பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள். வெயிலில் வேக இங்கேயே கிடப்பவர்கள் வெர்னாவைப் போல, வெண்டலைப் போலச் சிலர்தான். கமிட்டி ஊரில் இல்லாதபோது தலைவர் ஒரு வார்த்தை சொன்னால் வேலை நடக்கும். இப்போது சங்கத் தலைவர் இந்த வெண்டல்தான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் மனிதருக்கு வாய் வரவில்லை.

வெர்னா மேஸ்திரி எலீசியோவின் பக்கம் திரும்பினாள். "நீ போடு. நான் பாத்துக்கறேன்."

"மேடம், கோவிச்சுக்காதீங்க. இவர் பேச்சை மீறி ஒரு ஓடு வச்சா, நாளைக்கு என் வண்டியைக் குடியிருப்பு கேட்டுக்குள்ளயே விடமாட்டாங்க. இந்தத் தெருவுலயே எனக்கு இன்னும் நாலு கூரை வேலை இருக்கு."

"இந்தத் தாள் அதுவரைக்கும் தாங்குமா?"

எலீசியோ உதட்டைப் பிதுக்கினான். "இந்த வெயில்ல திறந்து போட்டா, பொரிச்ச பன்னித்தோல் மாதிரி நொறுங்கிடும். அதுக்கப்புறம் ஒரு மழை போதும்."

ஒரு மழை போதும் என்பது அவளுக்குத் தெரியாதா? போன கோடையில் ஒரே மழையில் சீலிங் ஊறி, ஈரச் சுண்ணாம்புப் பலகை ஓரின் படுத்திருந்த கட்டில்மேலேயே விழுந்தது. பக்கவாதம் வந்ததிலிருந்து அவள் கணவர் ஓரினுக்கு இடதுகை மட்டும்தான் அசையும், 'சரி' என்ற ஒற்றைச் சொல் மட்டும்தான் வாயில் வரும். அந்த ஈரத்தில் பூஞ்சை பிடித்து நெஞ்சில் சளி கட்டி, பிழைத்ததே பெரும்பாடு. வீட்டுக்கு வரும் நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: இன்னொரு தரம் அந்த அறை நனைந்தால் அவரை நகரத்து முதியோர் இல்லத்துக்கு அனுப்பியே தீர வேண்டும். அந்தப் பெரிய கட்டில் வேறெந்த அறையிலும் நுழையாது. ஓரினை அனுப்புவதா? அவள் உடம்பில் உயிர் இருக்கும்வரை அது நடக்காது.

தென்கிழக்கு மலைக்குமேல் அன்று மதியமே மேகம் குவிய ஆரம்பித்தது. எலீசியோவின் ஆட்கள் கிளம்பாமல் வண்டி நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். கோபத்தில் வெர்னா, வாசலில் குவிந்து கிடந்த பழைய ஓடு ஒன்றைக் காலால் எத்தினாள். அது குப்புறப் புரண்டது. குனிந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வெயில் படாத அடிப்பக்கம் நல்ல செங்காவி. புது ஓடும் அதே செங்காவி. அதே கம்பெனி, அதே நிறம். வெளுத்துப்போனது ஊர்தான்!

ஓட்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். வெண்டல் கார் நிறுத்துமிடத்து நிழலில் மின்விசிறி முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில் ஓட்டைக் குப்புறப் போட்டாள்.

"கண்ணு தெரியுதா? இதுதான் சங்கம் சொன்ன நிறம். என் கூரைதான் சரியான கூரை. உன்னோடது, இந்தத் தெருவுல இருக்கற அத்தனை பேரோடதும்தான் வெளிறிப்போய்க் கிடக்குது. எல்லார் கூரையையும் கழட்டச் சொல்லு பாப்போம்!"

வெண்டல் ஓட்டைப் பார்த்தார். "நிறம் சரிதான்" என்றார்.

"அப்ப வேலையைத் தொடங்கச் சொல்லு."

"அக்டோபர்ல பாத்துக்கலாம்."

"உனக்குப் பைத்தியமா? அதுக்குள்ள மழை வந்துடும்யா! ஓரினைக் கொண்டுபோய் இல்லத்துல போட்டுடுவாங்க. உன்னோட சீட்டாடின மனுஷன்! எங்க வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டவன்தானே நீ?"

"அவன்கிட்டயே கேளு." வெண்டலின் குரல் உயரவில்லை. அதுதான் அவளுக்கு என்னவோ போலிருந்தது. "என் பொண்டாட்டி ஜீனோட கடைசிக் கோடையில நீ உங்க அக்காவுக்கு உடம்பு முடியலேன்னு நெப்ராஸ்கா போயிருந்தே. ஜீன் கட்டில் அந்த மேற்கு ஜன்னலோரம். ஏசி என்ன போட்டும் வெயில் அடங்கலை. வெளியில ஒரு பச்சைப் படுதா கட்டினேன். அப்ப உன் புருஷன்தான் தலைவர். வந்து பாத்தான். பச்சை நம்ம நிறம் இல்லைன்னான். கழட்டச் சொன்னான். அவ கெஞ்சினா, வெர்னா. கட்டில்லேர்ந்து கெஞ்சினா. அக்டோபர்ல கமிட்டி வரும், அப்ப பாத்துக்கலாம்னான். அவ ஆகஸ்ட்லயே போயிட்டா."

வெர்னா ஓட்டை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

ஓரின் விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

"ஜீன் ஜன்னல் படுதாவை நீயா கழட்டச் சொன்னே?"

"சரி" என்றார் ஓரின். எதற்கும் அதைத்தான் சொல்வார். ஆனால் கண்கள் சுவர்ப்பக்கம் போய்விட்டன. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அது போதாதா?

"அடப்பாவி மனுஷா! சாகக் கிடக்கறவளுக்கு ஒரு துண்டு நிழல் கொடுக்க உனக்குக் கமிட்டி வேணுமா? அவ செத்தப்ப பூங்கொத்து தூக்கிட்டுப் போனியே, என்ன மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போனே?"

"சரி... சரி..." அவர் கண்ணோரம் நனைந்தது. வெர்னா துடைக்கவில்லை. அவளுக்கு அவரை உலுக்க வேண்டும்போல் இருந்தது. ஆனாலும் கழுத்துக்கடியில் சரிந்த தலையணையைக் கை தானாகவே ஏற்றி வைத்தது. அதற்கும் தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

மறுபடி தெருவைக் கடந்தாள். வெண்டல் அதே நாற்காலியில்தான் இருந்தார்.

"அவர் செஞ்சது மகா பாவம். வா, வந்து மூஞ்சிக்கு நேரா நின்னு திட்டு. வாசக்கதவைத் திறந்து வைக்கறேன், நாள் பூரா திட்டு, நானும் கூட நின்னு திட்டறேன். ஆனா வெண்டல், நீ இப்ப செய்யறது என்ன? அதே வார்த்தை, அதே அக்டோபர். ஜீன் இருந்திருந்தா உன்னைச் சும்மா விட்டிருப்பாளா?"

"ஜீனைப் பத்தி நீ பேசாதே!" வெண்டல் எழுந்துவிட்டார்.

"பேசுவேன். அந்தப் படுதா எங்கே?"

"...கராஜ்ல."

"எடு."

"எடுத்து? அவளே போயாச்சு. நிழல் யாருக்கு?"

"உனக்குத்தான்யா! அந்த ஜன்னல் பக்கமே போகாம எத்தனை கோடை இங்க வெளியில உக்காந்திருக்கே, நான் பாக்கலையா? எடுத்து மாட்டு. அக்டோபர்ல கமிட்டி வந்து படுதாவையும் பாக்கட்டும், என் ஓட்டையும் பாக்கட்டும். ரெண்டுக்கும் சேத்து என்கிட்ட வரட்டும், நான் சொல்லிக்கறேன் பதில்."

வெண்டல் உள்ளே போனார். போனவர் போனவர்தான் என்று அவள் திரும்பியபோது கராஜ் கதவு கரகரவென்று மேலேறியது. தூசி படிந்த பச்சை மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"எலீசியோ!" என்று தெருவுக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கத்தினார். "ஏணியைக் கொண்டா. முதல்ல இது. அப்புறம் அந்த அம்மா ஓட்டைப் போடு."

கடைசி முகட்டு ஓட்டைப் பதித்த வாரமே மழை வந்தது. முதலில் புழுதி எழுந்து தெருவை விழுங்கியது, பிறகு மழை கூரையில் சடசடவென்று விழுந்தது. வெர்னா சீலிங்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு சொட்டு இறங்கவில்லை.

கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி, திரையை முழுக்க விலக்கினாள். எதிரே வெண்டல் வீட்டு மேற்கு ஜன்னலில் அந்தப் பச்சைப் படுதா காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"பாரு" என்றாள்.

ஓரின் பார்த்தார். "சரி" என்றார்.

"சரியில்ல, ஓரின். சரியே இல்ல."

திரையை அவள் மூடவில்லை.